பன்னிரண்டாம் நாள் வந்த கிரகணம்

கொடைக்கானல்
14.7.2019, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

ரோகிணி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிர் மட்டும் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறது. நீ, அப்பா, பெரிய அத்தை, செவலைப் பசு எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

ஹாஸ்டலில் மாதம் ஒரு முறைதான் போன். ஆபீஸ் ரூமில் வரிசையில் நின்று மூன்று நிமிடம் பேசலாம். நம் வீட்டுப் போனும் பாதி நாள் அப்பாவோடு லோடு வண்டியில் போய்விடும். வீட்டில் இருந்தாலும் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு, “என்னங்குறா? என்னங்குறா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதனால் இனி கடிதம்தான்.

எங்கள் அறிவியல் ஆசிரியர் டிக்சன் சார் வகுப்பு வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார். அதன் பெயர் ‘தெரியுமா?’. ஞாயிற்றுக்கிழமை எழுதும் கடிதத்தில் நாங்கள் ஒவ்வொருவரும் ஓர் அதிசயச் செய்தியை வீட்டுக்குச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து ஒரு செய்தி திரும்பி வர வேண்டும். வந்தால் அது பலகையில் ஏறும். “ஆறாம் வகுப்பு படிக்கிறது நீங்க மட்டும் இல்ல, ஒங்க அம்மா அப்பாவும்தான்” என்கிறார்.

என் செய்தி: கொடைக்கானல் ஏரி தானாக வந்ததில்லை. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அது வெறும் சதுப்பு நிலம். ஒரு வெள்ளைக்கார கலெக்டர் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினாராம். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததாம். ரோடே இல்லாத காலத்தில் கடலில் ஓடுகிற படகை மலைமேல் எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று யோசித்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

வரும் சனிக்கிழமை எனக்குப் பதினொரு வயது முடிகிறது. நினைவிருக்கிறதா?

உன் செய்திக்குக் காத்திருக்கும்
ரோகிணி


கன்னிவாடி
23.7.2019

என் கண்ணு ரோகிணிக்கு,

அம்மா பாண்டிச்செல்வி எழுதுவது. இங்கு யாவரும் சுகம். உன் சுகத்துக்குத் தினமும் விளக்கேற்றிக் கேட்டுக்கொள்கிறேன். காதை மூடிக் குல்லாய் போடு.

பிறந்த நாளை மறப்பேனா? அன்றைக்கு அத்தை பால் பாயசம் வைத்தார். உன் பங்கை நான்தான் குடித்தேன்.

உன் கடிதத்தைக் களத்துக்கு எடுத்துப்போய், சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிற பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். “மலையில ஏரி வெட்டுனவன் நம்மூரு கண்மாயத் தூர்வாரப்புடாதா?” என்று ஒருத்தி கேட்டாள். அத்தையிடமும் சொன்னேன். “படகு ஏறுச்சோ பன்னி ஏறுச்சோ, பிள்ள ஒழுங்கா சாப்புடுறாளான்னு கேளு” என்றார்.

எட்டாவதோடு நின்றவளிடம் போய்ச் செய்தி கேட்கிறாரே உன் சார். இரண்டு நாள் யோசித்தேன். இதைப் போய்ச் சொல்: மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. கீழ்வரிசை மட்டும்தான். மேலே வெறும் ஈறு. புல்லை நாக்கால் சுற்றி இழுத்துத்தான் அறுக்கும். நம்பாவிட்டால் பால்காரர் யாரையாவது மாட்டின் வாயைத் திறந்து காட்டச் சொல்.

அன்புடன்
அம்மா


கொடைக்கானல்
4.8.2019

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ அனுப்பிய செய்தியால் இங்கே சண்டையே நடந்தது. மாட்டுக்கு மேல்பல் இல்லை என்றதும் வகுப்பே சிரித்தது. கேத்தரின் என்கிற பிள்ளை, “டூத் பேஸ்ட் விக்கிறவனுக்குப் பாதி நஷ்டம்” என்றாள். டிக்சன் சார் மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் எங்களைப் பால் பண்ணைக்குக் கூட்டிப்போனார். பண்ணைக்காரர் மாட்டின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். வெறும் ஈறு! தினமும் பார்க்கிற மாடு, ஒருவருமே அதன் வாயைப் பார்த்ததில்லை. பலகையில் உன் பெயர் ஏறிவிட்டது: ‘பாண்டிச்செல்வி, கன்னிவாடி’.

என் செய்தி இரண்டு. முதலாவது, மிளகாய் நம் ஊர்ச் செடியே இல்லை. ஐந்நூறு வருடங்களுக்கு முன் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அப்படித்தான் கடல் தாண்டி வந்தவை. அதற்கு முன் நம் ஆட்கள் மிளகை மட்டும் வைத்துத்தான் குழம்பு வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது பெரியது. இங்கே சூரியனை ஆராய்கிற ஆய்வுக்கூடம் இருக்கிறது, போன வாரம் போனோம். நூறு வருடங்களுக்கும் மேலாக, மேகம் மறைக்காத நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். பழைய படங்கள் கண்ணாடித் தகட்டில் இருக்கின்றன. சூரியன் மேல் மை சிந்தியது போலக் கரும்புள்ளிகள். அதில் ஒரு பெரிய புள்ளிக்குள் நம் பூமியைத் தூக்கிப் போட்டால் காணாமல் போய்விடுமாம். கொடைக்கானல், கன்னிவாடி, கடல் எல்லாம் சேர்ந்த பூமி, அம்மா! பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு புதுப் பிள்ளை என் உதட்டைப் பார்த்து, “நாய் கடிச்சிருச்சா?” என்று கேட்டாள். பிறக்கும்போதே பிளந்திருந்தது, மதுரையில் தைத்தார்கள் என்று சொன்னேன். “அது கெரகணத்தால வர்றது” என்றாள். அத்தையும் அப்படித்தானே சொல்வார்? அது எப்படி வரும் என்று சாரிடம் கேட்கப் போகிறேன்.

முத்தங்களுடன்
ரோகிணி


கன்னிவாடி
17.8.2019

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் அத்தையும் சுகம். எனக்குக் கொஞ்சம் பித்த மயக்கம், காலையில் சோறு இறங்குவதில்லை. கவலைப்படாதே, சரியாகிவிடும்.

மிளகாய்ச் செய்தி களத்தையே கலக்கிவிட்டது. அத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “மொளகா இல்லாம மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துனாகளா? எவன்டி சொன்னான்?” என்று கேட்டார். ஆனால் மறுநாள் மிளகு மட்டும் இடித்துப் போட்டு ஒரு குழம்பு வைத்தார். அப்பா மூன்று தரம் ஊற்றிச் சாப்பிட்டார்.

சூரியனில் பூமியையே விழுங்குகிற புள்ளி இருக்கிறது என்று படித்தேன். அடுப்படியில் நின்றபடியே வாசலில் கிடந்த வெயிலைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஒன்று இங்கே வந்து நம் வீட்டு வற்றலைக் காயவைத்துக்கொண்டிருக்கிறதே என்று இருந்தது.

இந்த முறை என் செய்தி சின்னது. புளியமரம் இருட்டினால் இலையை மூடிக்கொள்ளும். விடிந்தால் திறக்கும்.

அன்புடன்
அம்மா

கிரகணத்தைப் பற்றிச் சாரிடம் கேட்க வேண்டாம்.


கன்னிவாடி
15.9.2019

ரோகிணிக்கு,

நலமா? நாங்கள் நலம். காலாண்டு லீவுக்கு இங்கே வர வேண்டாம். ஊரில் காய்ச்சலாகக் கிடக்கிறது. ஹாஸ்டலிலேயே இரு. சிஸ்டர் சகாயராணியிடம் அப்பா போனில் சொல்லிவிட்டார். நன்றாகப் படி. குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே.

அம்மா


கொடைக்கானல்
3.11.2019

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

நான் மூன்று கடிதம் போட்டேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தீபாவளிக்கு அப்பா மட்டும் வந்தார். அதிரசமும் சட்டைத்துணியும் கொடுத்தார். “அம்மா ஏம்ப்பா வரல?” என்று கேட்டேன். “மலை வளைவுல அவளால வர முடியாதும்மா, அஞ்சு மாசமாச்சுல்ல” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாப்பா வரப்போகிறது! நான் ஹாஸ்டல் முழுக்க ஓடிப்போய்ச் சொன்னேன். சிஸ்டர் எல்லாருக்கும் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார். பிறகு அப்பாவிடம் வந்து, அரையாண்டு லீவுக்கு என்றைக்கு வந்து கூட்டிப்போவீர்கள் என்று கேட்டேன். அவர் குனிந்து வண்டி டயரை அமுக்கிப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது. திரும்பவும் அமுக்கினார்.

ஊரில் காய்ச்சல் இல்லை என்று ஜெயமுருகன் அண்ணன் சொல்லிவிட்டது. அப்பாவோடு லோடு இறக்க வந்திருந்தது. அம்மா, நான் யோசித்துப் பார்த்தேன். மாசமாக இருக்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதாலா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். நான் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று நீ காய் நறுக்கினாயாமே, அதனால்தான் என் உதடு இப்படி ஆனதாம். அத்தை கோடை லீவில் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன். அது உண்மையா?

எனக்குக் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ரோகிணி


கன்னிவாடி
17.11.2019

என் தங்கத்துக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வயிற்றில் பிள்ளையும் அசைகிறது.

நீ கேட்ட முதல் கேள்விக்குப் பதில், ஆமாம். அதற்கு மேல் என்னை எழுத வைக்காதே.

இரண்டாவதுக்கும் ஆமாம்தான். கத்தரிக்காய் நறுக்கினேன். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மழை மூட்டம் என்று நினைத்துவிட்டேன். அத்தை வாசலிலிருந்து, “அடியே, அருவாமனையக் கீழ போடுடி, கெரகணம் புடிச்சுக் கெடக்கு!” என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குள் இரண்டு காய் நறுக்கி முடித்திருந்தேன்.

எனக்குத் தாய் இல்லை. உன் பிரசவத்தை முழுக்கப் பார்த்தவர் அத்தைதான். அக்காவாக இருந்து உன் அப்பாவைத் தூக்கி வளர்த்தவரும் அவர். எனக்குக் கஞ்சி காய்ச்சி, உன் பீத்துணி அலசி, ஆபரேஷனுக்கு மதுரை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் தரையில் படுத்துக் கிடந்தார். அவர் சொல்லும்போது நான் எப்படி மறுப்பேன்? பதினொரு வருடத்தில் நான் கத்தரிக்காயை வாயில் வைத்ததில்லை. நீ அதைக் கவனித்ததில்லை. அதுவரைக்கும் நல்லது என்று இருந்தேன்.

உன் உதட்டுக்கு நான்தான் காரணம். அம்மாவை மன்னித்துக்கொள்.

இந்த முறை செய்தி எதுவும் இல்லை.

அம்மா


கொடைக்கானல்
1.12.2019

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

நீ வேண்டாம் என்று சொல்லியும் டிக்சன் சாரிடம் கேட்டுவிட்டேன். இந்த மாதம் கிரகணம் வருவதால் அவர் பழைய கிரகணங்களின் பட்டியல் ஒன்று வைத்திருந்தார். எந்த வருடம், எந்தத் தேதி, எந்தெந்த ஊரில் தெரிந்தது எல்லாம் அதில் இருக்கிறது. நான் பிறந்தது 2008 ஜூலை 20. அப்படியானால் உன் வயிற்றில் இருந்தது 2007 அக்டோபரிலிருந்து. விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தேன்.

அந்த மாதங்களில் சூரிய கிரகணம் ஒன்றே ஒன்று, பிப்ரவரியில். அது முழுசாகத் தெரிந்த இடம் அண்டார்டிகா. அங்கே பென்குவின்தான் பார்த்திருக்கும். நம் ஊரில் தெரியவே இல்லை. சந்திர கிரகணமும் அதே மாதம் ஒன்று. அது தொடங்கியபோது நம் ஊரில் விடிந்து நிலா மறைந்துவிட்டது. வேறு எதுவும் கிடையாது. சாரும் பார்த்தார். சிஸ்டரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னேன்.

நம் ஊரில் தெரிந்த கிரகணம் 2008 ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை, ஆடி அமாவாசை. சாயங்காலம் நாலரைக்கு மேல்.

அம்மா, அப்போது நான் பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

நீ கத்தரிக்காய் நறுக்கியபோது நான் வயிற்றில் இல்லை. வெளியேதான் எங்கேயோ படுத்திருந்தேன். என் உதடு அதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது.

சார் இன்னொன்றும் சொன்னார். குழந்தைக்கு மேலுதடு கூடுவது வயிற்றில் இரண்டாம் மாதத்திலேயே நடந்துவிடுமாம். அப்போது குழந்தை ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். முகத்தின் இரண்டு பக்கமிருந்தும் தசை வந்து நடுவில் ஒட்டிக்கொள்ளும். மூக்குக்குக் கீழே எல்லாருக்கும் ஒரு பள்ளம் இருக்கிறதே, அந்த இடத்தில்தான். இந்த உலகத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அப்படி ஒட்டியிருக்கிறது, அம்மா. சிலருக்குக் கூடாமல் நின்றுவிடுகிறது. யார் செய்த தப்பும் இல்லை.

நான் கண்ணாடியில் என் தழும்பை ரொம்ப நேரம் பார்த்தேன்.

டிசம்பர் 26 காலையில் கிரகணம். திண்டுக்கல் பக்கம் சூரியன் வளையமாகத் தெரியுமாம். நேராகப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். அதற்கென்று கண்ணாடி இருக்கிறது. நீ பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். நான் லீவுக்கு இங்கேதான் இருப்பேன். உனக்கும் சேர்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

பாப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

ரோகிணி


கன்னிவாடி
27.12.2019

என் உயிரான மகள் ரோகிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகம். பதில் எழுத நாளாகிவிட்டது. காரணம் சொல்கிறேன்.

உன் கடிதத்தை முதலில் நம்பவில்லை. எனக்கு நினைவிருக்கிறதே, நான் நறுக்கினேனே என்று இருந்தது. பிறகு தினமும் அந்தச் சாயங்காலத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அருவாமனை எங்கே இருந்தது, எந்தச் சேலை கட்டியிருந்தேன் என்று. ஒருநாள் மாட்டுக்குத் தவிடு கரைக்கும்போது சட்டென்று வந்துவிட்டது. அன்றைக்கு என் ரவிக்கை நனைந்திருந்தது. உன்னால் சப்பிக் குடிக்க முடியாமல் பால் கட்டி வழிந்துகொண்டே இருந்த நாட்கள் அவை. நறுக்கும்போது முந்தானையை மடித்து மாரில் வைத்திருந்தேன். பால் சுரந்திருக்கிறது, ரோகிணி. அப்படியானால் நீ பிறந்துவிட்டாய். தவிட்டுச் சட்டியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஊரார் சொல்லிச் சொல்லி, உன்னைத் திரும்பவும் என் வயிற்றுக்குள் வைத்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அத்தையிடம் சொல்ல வாய் வரவில்லை.

நேற்றுக் காலை ஏழரைக்கே என்னைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாக்கால் மூடினார். ஊசி, கத்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். “பதினொன்ற வரைக்கும் அசையாமப் படு. நான் வாசல்லயே இருக்கேன்” என்றார். நான் பாயில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அந்த அறைக்குப் பழைய தகரம் போட்டிருக்கிறோம். வேறு கொட்டகையில் கிடந்த தகரம், ஆணி அடித்த ஓட்டைகள் நிறைய. வெயில் ஏறினால் தரையில் காசு காசாக வெளிச்சம் விழும். தினமும் விழுவதுதான். எட்டரை மணி இருக்கும், ஒரு காசின் ஓரத்தை எறும்பு தின்றது போல இருந்தது. கண்ணைக் கசக்கினேன். பக்கத்துக் காசும் அப்படியே இருந்தது. எல்லாக் காசுகளுக்கும் ஒரே பக்கம் ஓரம் போயிருந்தது. மயக்கம் வருகிறது போல என்று நினைத்துச் சுவரைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பிறையாகிவிட்டன. தரையில், தலையணையில், என் கால் மேல், எங்கே பார்த்தாலும் பிறை. ஒன்றுகூடத் திசை மாறவில்லை. அறை குளிர்ந்துபோனது. வெளியே காக்கைச் சத்தம் நின்றுவிட்டது.

ஒன்பதரைக்குப் பிறை இரண்டு முனையும் நீண்டு, நீண்டு, ஒட்டிக்கொண்டது.

வளையல், ரோகிணி. பிறந்த பிள்ளைக்குப் போடுகிற வளையல் அளவு. நடுவில் இருட்டு, சுற்றி வெளிச்சம். தரை முழுக்க வெளிச்சத்தால் செய்த வளையல்கள். என் வயிற்றின் மேல் மட்டும் ஐந்து. உள்ளே பிள்ளை உதைத்தது, ஒரு வளையல் அசைந்தது. நான் என்னை அறியாமல், “மதினி!” என்று கத்திவிட்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். “என்னடி, வலிக்குதா?”

“கதவச் சாத்துங்க மதினி, வெளிச்சம் வந்தாக் கலஞ்சுரும். கீழ பாருங்க.”

சாத்தினார். பார்த்தார். வைத்த காலை எடுத்துப் பின்னால் வைத்தார், ஒன்றை மிதித்துவிடக் கூடாது என்பது போல. “ஆத்தே… எத்தன வளையலுடி கெடக்கு!” கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒன்று வந்து விழுந்தது. விரலை மடக்கினார், வளையல் விரல் மேல் ஏறிக்கொண்டது. பயத்தில் உதறுவார் என்று நினைத்தேன். உதறவில்லை. அப்படியே என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். எண்ணத் தொடங்கினார். நாற்பத்து மூன்று வரை எண்ணினார். அதற்குள் வளையல்கள் உடைந்து, மறுபக்கம் பார்த்த பிறைகளாகிவிட்டன. மொத்தம் மூன்று நிமிடம்கூட இருக்காது.

அந்த இருட்டில் எனக்குத் தைரியம் வந்தது. “மதினி, ரோகிணி பொறந்து பன்னெண்டாம் நாளுதான் அந்தக் கெரகணம். பட்டியல்ல தேதி இருக்காம். அன்னைக்கு எனக்குப் பால் கட்டியிருந்துச்சு. நெனச்சுப் பாருங்க” என்றேன்.

பிறைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே வந்தன. பாதிக் காசு ஆகும் வரைக்கும் அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, தரையிடம் சொல்வது போலச் சொன்னார்.

“பாலாடையில அவளுக்குப் பால் ஊத்திக்கிட்டு இருந்தது நான்தானடி. மடியில பிள்ளைய வச்சுக்கிட்டுத்தான் ஒன்னயக் கத்துனேன். எந்திரிச்சு வர முடியலன்னுதான் கத்துனேன்.” கொஞ்சம் கழித்து, “பதினோரு வருசமா நான்…” என்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கிரகணம் விட்டதும் குளித்தார். தோட்டத்துக்குப் போனார். மத்தியானம் என் தட்டில் கத்தரிக்காய்க் கூட்டு இருந்தது. இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் போன வாரமே கேட்டிருந்தேன். இந்தப் பிள்ளைக்கும் உதடு அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். இருந்தால் தைத்துக்கொள்ளலாம். எனக்குப் பயமில்லை.

உன் சாரிடம் இதைக் கேள்: சூரியன் வானத்தில் ஒன்றுதானே. என் அறையில் எப்படி நாற்பத்து மூன்று வந்தது? இதுதான் இந்த முறை என் செய்தி.

அம்மா


கொடைக்கானல்
1.1.2020

அன்புள்ள அம்மாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உனக்கும் பாப்பாவுக்கும் அப்பாவுக்கும் அத்தைக்கும்.

முதலில் என் கதை. லீவுக்கு வீட்டுக்குப் போகாத எட்டுப் பேரும் 26ஆம் தேதி விடிவதற்கு முன்பே எழுந்து, ஆளுக்கொரு கண்ணாடியோடு மைதானத்தில் நின்றோம். பனிமூட்டம் இறங்கியது. பக்கத்தில் நின்ற கேத்தரினே தெரியவில்லை. ஒன்பதரைக்கு எல்லாம் சாம்பல் நிறமாக இருண்டது, அவ்வளவுதான். வளையமும் இல்லை, சூரியனும் இல்லை. டிக்சன் சார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். சிஸ்டர் சுக்குக் காபி கொடுத்தார். நான் அழுதேன். உனக்கும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேனே.

நேற்று உன் கடிதம் வந்தது. வளையல் எழுதிய பக்கத்தை மட்டும் சாரிடம் காட்டினேன். நின்றபடியே இரண்டு தரம் படித்தார். பிறகு உட்கார்ந்து ஒரு தரம் படித்தார். “நான் கண்ணாடிக்கும் கேமராவுக்கும் அலஞ்சேன். ஒங்கம்மா வீடே கேமராவா இருந்திருக்கு” என்றார்.

அவர் சொன்ன பதில் இது. சின்ன ஓட்டை வழியாக வெளிச்சம் இருட்டறைக்குள் வந்தால், அந்த ஓட்டை எதிரே இருப்பதைப் படமாகக் கீழே போடும். உன் தகரத்தில் நாற்பத்து மூன்று ஓட்டை, அதனால் நாற்பத்து மூன்று படம். நான் நம்பாமல் அட்டையில் முக்கோணமாக ஓட்டை போட்டு வெயிலில் தூரப் பிடித்துப் பார்த்தேன். தரையில் விழுந்தது வட்டம்! முக்கோண ஓட்டை வழியாகவும் வட்டமே வருகிறது, ஏனென்றால் விழுவது ஓட்டையின் உருவம் இல்லை, சூரியனின் உருவம்.

அப்படியானால் அம்மா, தினமும் நம் பின்னறையில் விழுந்த காசுகளும் சூரியனின் படங்கள்தான். மர நிழலில் இலை இடுக்கு வழியாக விழுகிற வட்டங்களும் அவைதான். நான் தவழும்போது அவற்றைப் பிடிக்கப் போவேன் என்று நீ சொல்வாயே. பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சூரியனைப் பிடிக்கப் போயிருக்கிறேன்!

உன் பக்கம் இப்போது பலகையில் இருக்கிறது. லீவிலும் ஸ்பெஷல் கிளாசுக்கு வருகிற பத்தாம் வகுப்பு அக்காக்கள்கூட நின்று படிக்கிறார்கள்.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போகிறாயா என்று சிஸ்டர் கேட்டார். தெரியவில்லை என்றேன். நான் உன்னைக் கேட்கவில்லை. இங்கேயும் பொங்கல் வைப்பார்களாம்.

ரோகிணி


கன்னிவாடி
6.1.2020

ரோகிணிக்கு,

இது ஒன் அத்த வேலுத்தாய் சொல்லச் சொல்ல ஒங்கம்மா எழுதுறது. ஒரு எழுத்தக்கூட மாத்தப்புடாதுன்னு சொல்லியிருக்கேன். மாத்துனாளான்னு ஒங்கப்பன் நல்லசாமிய விட்டுப் படிக்கச் சொல்லிக் கேப்பேன்.

நல்லாருக்கியா? குளிருக்குக் காதுல பஞ்சு வையி. ஒங்கம்மா நல்லாருக்கா, காலு மட்டும் வீங்கிக் கெடக்கு.

வீட்டுலருந்து ஒரு சேதி சொல்லணுமாமே. இந்தா எஞ்சேதி. எழுதி அந்தப் பலகையில போடு, போடாட்டியும் போ.

நீ பொறந்தது காலையில பத்து மணி. ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்ல, நம்ம வீட்டுல வச்சுத்தான். ஒன்னய மொதல்ல கையில வாங்குனவ நானு. அன்னைக்குக் கெரகணமும் இல்ல, மூட்டமும் இல்ல. ஆடிக் காத்துல கதவு அடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. கதவு தெறக்கும்போதெல்லாம் ஒம்மேல வெயிலு விழுந்துச்சு. ஒன் ஒதட்டப் பாத்துப் பயந்துபோயிட்டேன். பயந்தவ, யாரு மேலயாவது பழியப் போட்டாத்தான் மனசு ஆறும்னு போட்டுட்டேன். பன்னெண்டு நாளு கழிச்சு வந்த கெரகணத்த முன்னாடி இழுத்து வச்சது நான்தான். ஒங்கம்மா இல்ல. கெரகணமும் இல்ல.

லீவுக்கு ஒன்னய வரவேணாம்னு சொன்னதும் நான்தான். ஒங்கம்மா ரெண்டு நாளு சாப்புடல. அத அவ ஒனக்கு எழுதியிருக்க மாட்டா. இப்பவும் எழுத மாட்டேங்குறா, எழுதுடின்னு அதட்டி எழுதச் சொல்றேன்.

வர்ற சனிக்கெழம வெள்ளனே நல்லசாமி வண்டியோட வருவான். சிஸ்டருக்கிட்டச் சொல்லியாச்சு. பொங்கலுக்கு ஒரு வாரம் இங்கதான். ஒன்னய நடுவீட்டுல, ஒங்கம்மாவுக்கு எதுத்தாப்புல ஒக்கார வைக்கப்போறேன். அவ ஆசதீரப் பாக்கட்டும். எவளாவது வாயத் தெறந்தா நான் பேசிக்கிறேன்.

வெரசா வா. எனக்கும் ஒன் மொகத்தப் பாக்கணும்.

இப்படிக்கு
அத்தை வேலுத்தாய்